கை போனவருக்கும் கணக்கு வேண்டும்

காரைக்கால் மாவட்டம், திருமலைராயன்பட்டினம் கொம்யூன், பட்டினச்சேரி கடற்கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

மத்திய வெளியுறவு அமைச்சகத்துக்கும் மீன்வள அமைச்சகத்துக்கும், புதுச்சேரி அரசுக்கும், காரைக்கால் மாவட்ட நிர்வாகத்துக்கும், அரசு மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும், எங்கள் படகு உரிமையாளர்களுக்கும், கடைசியாக எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும்:

கடலில் ஒருவர் செத்துப்போனால் மறுநாளே அதிகாரிகள் வீடு தேடி வருகிறார்கள். படகு உடைந்தால் மீன்வளத்துறை அளந்து எழுதிக்கொண்டு போகிறது. ஆள் பிழைத்து, விரலோ காலோ கண்ணோ போய்க் கரை திரும்பினால் அவர் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதம் அக்கம்பக்கம் அரிசி கொடுக்கும். அதன்பிறகு மனைவி கூடை தூக்குவார், மகன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போவான். அந்த ஆள் வலைக்கூடத்தில் உட்கார்ந்து பொத்தல் தைத்துக்கொண்டிருப்பார், அதுவும் விரல் மிச்சமிருந்தால்.

நாங்கள் கேட்பது இரக்கத்தை அல்ல. அடிபட்ட உடம்புக்கு யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு, எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதில் பாதி எங்கள் கரைக்கு வந்துசேரவே இல்லை. மீதி வந்தும் எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறது.

வின்ச் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம்

துப்பாக்கிச் சூடு நடந்தால் டி.வி. வருகிறது, தலைவர்கள் வருகிறார்கள். எங்களில் அதிகம் பேரை முடமாக்குவது துப்பாக்கி அல்ல, வலை இழுக்கும் இயந்திரமான வின்ச். விசைப்படகில் மடி, அதாவது இழுவை வலை, ஏறும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும். இழுவைப் பலகையோடு கம்பி ரோப் டிரம்மில் வந்து சுற்றுகிறது. ஒரு பக்கமாகக் குவிந்தால் ரோப் மேலேறி அறுந்துவிடும் என்பதால், சீராகச் சுற்ற ஒருவர் பக்கத்தில் நின்று கம்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். சிலர் இரும்புக் குழாயால் தள்ளுவார்கள், சிலர் கையால். கையுறை போட்டால் கையுறையே கம்பியில் மாட்டிக்கொள்ளும். டிரம்முக்கு மூடி கிடையாது. நிறுத்தும் பிடி எட்ட முடியாத இடத்தில், இன்னொருவர் கையில். அவர் சத்தம் கேட்டு நிறுத்துவதற்குள் மூன்று விரல் போயிருக்கும்.

ஐஸில் கையை வைத்துத் துண்டைச் சுற்றிக் கரை வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவது ஏ.ஆர். காப்பி என்னும் விபத்துப் பதிவுத் தாள். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது கூட வந்தவர் போலீஸ் வம்பு வேண்டாம் என்று, “தானே விழுந்துட்டாருங்க” என்பார். அந்த ஒரு வரியில் வழக்கு முடிந்துபோகிறது. பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை பணத்தைப் பற்றியதல்ல, அந்தத் தாளைப் பற்றியது. கடல் தொழிலில் அடிபட்டு வருபவரின் ஏ.ஆர். காப்பியில் படகின் பதிவு எண், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எந்தச் சாதனத்தில் மாட்டினார் என்ற மூன்றையும் அடிபட்டவரின் வாயிலிருந்தே கேட்டு எழுத வேண்டும். அவர் மயங்கிக் கிடந்தால் தெளிந்த பிறகு மறுபடி கேட்டுச் சேர்க்க வேண்டும். நகலை அன்றே குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். போலீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சாரத்தை அவசரப் பிரிவு வாசலில் தமிழில் எழுதி வையுங்கள்.

அடுத்தது பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் உரிமையாளருக்கு ஒரு பகுதி, தொழிலாளிகளுக்கு ஒரு பகுதி. இது தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் கை போனதும் இதுவே சுவராக வந்து நிற்கிறது. “அவர் என் தொழிலாளி இல்லை, பங்காளி. பங்காளிக்கு நான் ஏன் நஷ்டஈடு தர வேண்டும்?” என்று கேட்க முடிகிறது. லாபம் வரும்போது எத்தனை பங்கு என்று முடிவு செய்பவர் ஒருவர், படகு எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்பவரும் அவரே. அடிபட்டால் மட்டும் எல்லோரும் சமம்!

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டும், யார் மேல் தப்பு என்று கிளற வேண்டியதில்லை என்பது அந்தப் பழைய சட்டத்தின் உயிர். கணக்கையும் சொல்கிறோம். பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் வைத்த உச்ச ஊதியம் மாதம் 15,000 ரூபாய். 30 வயதுக்காரர் முழு நிரந்தர ஊனமடைந்தால் ஊதியத்தில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். வயதுக்கான பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு கையில் மூன்று விரல் போனால் சட்ட அட்டவணை 30 சதவீத இழப்பு என்கிறது. அப்படிப் பார்த்தாலும் 5,61,546 ரூபாய்.

மூன்று விரல் போனவரால் மடி இழுக்க முடியுமா என்பது அட்டவணைக்குத் தெரியாது, நீதிமன்றத்துக்குத் தெரியும். தச்சர் ஒருவரின் இடது கை முழங்கையோடு போனபோது, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு ஊனம்தான் என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கிலும் இதையே விளக்கியது: டாக்டர் எழுதும் சதவீதம் வேறு, பிழைப்பில் இழந்த சதவீதம் வேறு. எங்கள் மருத்துவக் குழு 20, 25 என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழை அதற்கு மேல் யாரும் வாசிப்பதில்லை.

ஆகவே கோருகிறோம்: பங்குக்குக் கடல் போகும் ஒவ்வொருவரும் இழப்பீட்டுக் கணக்கில் தொழிலாளியே என்று புதுச்சேரி அரசு விதிகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். பங்கின் ஆண்டுச் சராசரியை ஊதியமாகக் கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகம் இல்லாத படகில் உச்ச ஊதியத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். மீன்பிடித் தொழிலாளிக்கு ஊனச் சான்று தரும்போது, மறுபடி கடல் தொழில் செய்ய முடியுமா முடியாதா என்று மருத்துவக் குழு தனி வரியில் எழுத வேண்டும். ஆண்டு ஆய்வுக்குப் படகு வரும்போது வின்சுக்கு மூடியும், ரோப் தள்ளுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் பிடியும் இல்லையென்றால் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. இந்த மூடிக்கு மானியம் கொடுங்கள். ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் வாங்க மானியம் தர முடிகிற அரசுக்கு இந்த இரும்புத் தகடு பெரிய செலவு இல்லை.

காப்பீடு

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. யூனியன் பிரதேசம் என்பதால் எங்கள் பிரீமியத்தை மத்திய அரசே கட்டுகிறது. நல்லது. ஆனால் கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்தவருக்கு இதில் எதுவும் கிடையாது, ஏனென்றால் அவர் ஊனமாகவில்லை. ஆறு மாதம் சோற்றுக்கு என்ன செய்தார் என்று திட்டம் கேட்பதில்லை. தற்காலிகமாகத் தொழில் இழந்த காலத்துக்கு வாரப் படி சேர்க்க வேண்டும்.

பெயர் விட்டுப்போனது, ஆதார் பொருந்தவில்லை என்ற காரணங்களையும் இனி ஏற்க மாட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்கால நிவாரணம் தர ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் வங்கிக் கணக்கும் மீன்வளத்துறையிடம் இருக்கின்றன. அந்தப் பட்டியலே காப்பீட்டுப் பட்டியலாகட்டும்.

சுடப்பட்டவர்

2025 ஜனவரி 28 விடியற்காலை நெடுந்தீவு அருகே காரைக்கால் விசைப்படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைச் சேர்ந்த 13 பேர். இரண்டு பேருக்குப் பலத்த காயம், யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னும் மூவருக்குச் சிறு காயங்கள். தற்செயலாக வெடித்தது என்றது இலங்கைத் தரப்பு. டெல்லியில் இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்து, எந்தச் சூழலிலும் பலப்பிரயோகம் கூடாது என்று இந்தியா கண்டித்தது.

கண்டனத்துக்கு நன்றி. கணக்கு எங்கே? 2008 அக்டோபர் 26 அன்று இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டில் இந்திய மீன்பிடிப் படகுகள் மீது சுடுவதில்லை என்று இருக்கிறது. அதே ஏற்பாட்டில் மீனவர் கையில் தமிழ்நாடு அரசு தந்த அடையாள அட்டை இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் அட்டையைத் தருவது புதுச்சேரி அரசு. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக் காரைக்கால் என்றொரு கரை இருப்பது ஞாபகம் வரவில்லை போலும். அந்த வரியைத் திருத்துங்கள்.

எல்லை தாண்டினோமா இல்லையா என்பது தனி வழக்கு. தாண்டியிருந்தால் பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம், அபராதம் போடலாம். அந்தக் கடலில் இழுவை வலையால் வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்களின் வலையும் வயிறும் கிழிகின்றன என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. அதற்குத் தீர்வு பேச்சில் இருக்கிறது, தோட்டாவில் இல்லை. ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999 ஜூலை 1 அன்று இதைத்தான் சொன்னது. சாய்கா என்ற எண்ணெய்க் கப்பலைக் கினி நாட்டு ரோந்துப் படகு சுட்டு மடக்கியது. கப்பலில் இருந்த உக்ரைன்காரர் ஒருவரும் செனகல்காரர் ஒருவரும் காயப்பட்டார்கள். பலப்பிரயோகத்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாதபோதும் தேவைக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்பாயம் சொல்லி, கினி 21,23,357 டாலரை வட்டியோடு தர உத்தரவிட்டது. அந்தத் தொகையில் காயப்பட்ட இருவருக்கும் பங்கு உண்டு. வழக்குப் போட்டது அவர்கள் அல்ல, கப்பலின் கொடி நாடு. சின்னஞ்சிறு செயின்ட் வின்சென்ட் செய்ததை இந்தியாவால் செய்ய முடியாதா?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்சியிலிருந்து இத்தாலிய வீரர்கள் சுட்டதில் செயின்ட் ஆண்டனி படகில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். சர்வதேச நடுவர் மன்றம் 2020-இல் தந்த தீர்ப்பில் உயிரிழப்போடு படகின் சேதம், உடல் காயம், மன வேதனை எல்லாவற்றுக்கும் இத்தாலி ஈடு செய்ய வேண்டும் என்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாயைப் பிரித்தது: இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அதே படகில் அதே குண்டுமழையில் படுத்துத் தப்பியவர்கள் அந்தப் பிரிப்பில் இல்லை. அவர்கள் மறுபடி உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டிய பிறகு, 2022 நவம்பரில், உரிமையாளர் பங்கிலிருந்து ஒன்பது பேருக்கு ஆளுக்கு 5 லட்சம் கிடைத்தது. செத்தவருக்குக் கணக்கு, படகுக்குக் கணக்கு, பிழைத்தவர் மட்டும் தனியாகப் போராட வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

ஆகவே இலங்கைக் கடற்படையால் காயப்பட்ட ஒவ்வொரு மீனவருக்கும், உடல் காயம், இழந்த வருமானம், மன வேதனை என்று தலைப்பு வாரியாகத் தொகை குறித்து வெளியுறவு அமைச்சகம் எழுத்து மூலம் இழப்பீடு கோர வேண்டும். கோரியதன் நகல் குடும்பத்துக்கு வர வேண்டும். இலங்கை தரும் வரை காத்திருக்காமல் மத்திய அரசு முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அங்கே வசூலித்துக்கொள்ளட்டும். யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றவரின் மருத்துவ ஆவணம் முழுவதையும் துணைத் தூதரகம் வாங்கித் தர வேண்டும். ஆள் ஊர் திரும்பும்போது உடம்பில் தழும்பு வருகிறது, கையில் தாள் வருவதில்லை.

சொந்தக் கடற்படை சுட்டாலும் இதே நியாயம்தான். 2022 அக்டோபர் 21 அன்று காரைக்காலிலிருந்து போன விசைப்படகு மீது பாக் நீரிணைப் பகுதியில் இந்தியக் கடற்படைக் கப்பல் சுட்டதில் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் படுகாயமடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. தமிழ்நாடு அரசு 2 லட்சம் அறிவித்தது, வேதாரண்யம் கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. சுட்டது மத்திய அரசின் படை, பணம் கொடுத்தது மாநில அரசு. மத்திய அரசு தன் பங்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். கடலில் படகை நிறுத்தச் சொல்வதற்கான சைகைகள் என்னென்ன, எந்தக் கட்டத்தில் துப்பாக்கி எடுப்பார்கள் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு விசைப்படகிலும் ஒட்ட வேண்டும்.

எந்த ஸ்டேஷன்

படகு காரைக்காலுடையது, ஆள் நாகையார், அடிபட்டது வேதாரண்யத்துக்கு நேர் கிழக்கே. காரைக்கால் போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே வா என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. இனி எங்கள் ஆள் வாசலில் நிற்க மாட்டார். பதியாமல் திருப்பி அனுப்பினால் அன்றே எஸ்.எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்துப் புகார் போகும்.

குழாய்

வடக்கே எங்கள் பட்டினச்சேரி, தெற்கே நாகூர்ப் பட்டினச்சேரி. நடுவில் மாநில எல்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அது தெரியாது. 2023 மார்ச் 2 அன்று நாகூர்ப் பட்டினச்சேரிக் கரையில் சென்னை பெட்ரோலியம் (சி.பி.சி.எல்.) நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. கண் எரிச்சல், குமட்டல், மூச்சுத் திணறல் என்று ஜனங்கள் சொன்னார்கள். போராட்டத்துக்குப் பிறகு குழாயை அகற்றும் முடிவு வந்தது. குழாய் போகும், மூச்சில் போனது?

அபாயகரமான தொழில் நடத்துபவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் தப்பை நிரூபிக்கச் சொல்லாமல் நோய்க்கும் காயத்துக்கும் வருமான இழப்புக்கும் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. கேட்க 5 ஆண்டு அவகாசம். அதாவது இந்தக் கசிவுக்கு 2028 மார்ச் தொடக்கத்தில் கதவு அடைபடும். அதற்குள் எல்லையின் இரண்டு பக்கத்து ஊர்களிலும் மருத்துவ முகாம் நடத்தி, அன்று பாதிக்கப்பட்டவர்களின் பதிவேட்டை இரண்டு அரசுகளும் சேர்ந்து எடுக்க வேண்டும். முகாம் என்றால் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்புவதல்ல. நுரையீரல் சோதனை, பெயர், தேதி, டாக்டர் கையெழுத்து. இனி இந்தக் கரையில் எந்தக் குழாய் வந்தாலும், இருந்தாலும், அது எதைச் சுமக்கிறது, கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கரையிலேயே பலகை வைக்க வேண்டும்.

கூடை தூக்கும் பெண்கள்

தேசிய நெடுஞ்சாலை 32-இல் விடியற்காலை மீன் கூடையோடு போகும் எங்கள் பெண்களை இடித்துவிட்டுப் போகும் வண்டிகள் நிற்பதில்லை. அடையாளம் தெரியாத வண்டி என்றால் பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் அரசு தர வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை 2025 மே முதல் உண்டு. இவை ஊருக்குத் தெரியாது. வண்டி தெரிந்து தீர்ப்பாயம் போனால், “வருமானத்துக்கு ஆதாரம் என்ன?” என்கிறார்கள். வீட்டு வேலைக்கே மதிப்புப் போட வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்க, தினம் ஏலம் எடுத்து விற்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லையா? மீன் விற்கும் பெண்கள் எல்லோருக்கும் மீன்வளத்துறை தொழில் அட்டை தர வேண்டும்.

எங்களுக்கு நாங்களே

அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கினால் இது பாதிச் சாசனம். கை போனவர் வீட்டுக்கு நாலு பெரியவர்கள் போய், உரிமையாளரையும் கூப்பிட்டு, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஐம்பதாயிரத்துக்குப் பேசி முடிப்பதும் நம் ஊரில் நடக்கிறது. “இனி எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று கடைசி வரி. சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. எழுதி வாங்கியவருக்கும் அது தெரியாது, கைநாட்டு வைத்தவருக்கும் தெரியாது. ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயந்து அவர் இரண்டு ஆண்டு சும்மா இருந்தால் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போடும் காலமும் போய்விடும்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டுத் தோளில் சுமக்கும் ஊர் இது. தீர்த்தவாரிச் செலவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க நமக்குத் தெரியும். அதே நோட்டில் இன்னொரு பக்கம் திறக்க வேண்டும்: எந்தப் படகில், எந்தத் தேதியில், யாருக்கு, எந்த இடத்தில் காயம், யார் பார்த்தார், எந்த ஆஸ்பத்திரி. பஞ்சாயத்தார் சமாதானம் பேசலாம், பேசும் முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவர் அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த வக்கீல் இலவசம், 1987 சட்டம் தந்த உரிமை அது. உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்களும் கடனில்தான் இருக்கிறீர்கள், ஒரே விபத்தில் படகை விற்க வேண்டி வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தொழிலாளி இழப்பீட்டுப் பொறுப்புக்கும் சேர்த்துப் படகுக் காப்பீடு எடுங்கள், பிரீமியத்தில் பாதியை அரசு தரட்டும் என்று உங்களுக்காகவும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று, இல்லையென்றால் எந்தச் சட்டப்படி இல்லை என்றும், 90 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். எண்ணெய்க் கசிவு விஷயத்தில் பதில் வராவிட்டால் நாகூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவோம். வின்சில் அடிபட்டவர்களின் மனுக்கள் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. இரண்டு ஆண்டு முடியாத ஒவ்வொருவரின் மனுவும் இந்தத் தடைக்காலத்திலேயே இழப்பீட்டு ஆணையரிடம் போகும்.